சந்தனம் பூசிய கைத்துப்பாக்கி

1

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் சிரித்து முடித்ததும் மற்றதைப் பேசலாம். கைத்துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் எண்ணெயும் விட்டு, நான்கு மாதம் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்துவிட்டு, "என்ன இது, விசையை இழுக்க இவ்வளவு கனமாக இருக்கிறதே, செய்தவன் சரியில்லை" என்று மூன்று வாரம் இணையத்தில் புது விசை தேடியவன் நான். இதில் என் தொழில் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயந்திரப் பராமரிப்பு.

பிறந்தது சின்னமனூர். தேனியில் ஒரு நூற்பாலையில் பதினோரு வருடம் பிட்டர் வேலை. பிறகு பஞ்சு வருகிற வழியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்து, அது விளைகிற இடத்துக்கே வந்துவிட்டேன். டெக்சாஸ் மாநிலத்தின் வடபகுதி. கண்ணுக்கெட்டிய மட்டும் பருத்தி. அதன் நடுவில் ஒரு ஜின்னிங் ஆலை. பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற வேலை. அங்கே இயந்திரங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த அன்று மனைவி மல்லிகா கேசரி கிண்டினாள். அதைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காரும்போது மகள் கயல்விழியின் போன் வந்தது. அவள் டாலஸில் இருக்கிறாள். காரில் ஐந்து மணி நேரம். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. அவளுக்குப் பதினான்கு மாதத்தில் ஒரு மகள், யாழினி. மார்ச் மாதம் கயல்விழி முழுநேர வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகள் காப்பகத்தில் மே கடைசியில்தான் இடம் கிடைக்கும். நடுவில் உள்ள மூன்று மாதம் பேத்தி எங்களோடு இருப்பாள் என்று ஏற்பாடு. மல்லிகா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. தொட்டிலுக்குக் கொக்கி எங்கே மாட்டுவது என்று நான் கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கியாயிற்று.

கயல்விழி எங்களோடு பாதி ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அவள் முழுத் தமிழுக்கு மாறினால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அந்தத் தமிழ், எங்கள் தேனிப் பக்கம் மலையடிவாரத்துத் தேவாரம் ஊர்க்காரியான அவள் அம்மாவிடமிருந்து அப்படியே வந்தது. டாலஸில் இருந்துகொண்டு தேவாரத்துக்காரி திட்டுவதைக் கேட்டால் மெய் சிலிர்க்கும்.

"அப்பா, அந்தத் துப்பாக்கி இன்னும் வீட்லதான் இருக்கா?"

"இருக்கு ஆத்தா. பத்திரமா இருக்கு."

"பத்திரம்னா எங்கன?"

"அலமாரியில. சட்டைகளுக்கு அடியில."

கேசரி என் வாயில் அப்படியே நின்றது.

"அப்ப யாழினி அங்கன வரமாட்டா. நீங்க யோசிச்சு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். தொட்டில் கொக்கியைப் பார்த்தாள். "பேத்தி வேணுமா, அந்த இரும்பு வேணுமான்னு இன்னைக்கே சொல்லிருங்க. நான் கேசரிய எடுத்து உள்ள வைக்கணும்" என்றாள்.

2

அது எப்படி என் இடுப்புக்கு வந்தது என்று கேட்பீர்கள். வீரத்தால் வரவில்லை, கூச்சத்தால் வந்தது. நம் பக்கம் புது ஆளைப் பார்த்தால் "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்பார்கள் அல்லவா? இங்கே ஆலையில் சாப்பாட்டு வேளையில் "நீ என்ன வச்சிருக்க?" என்பார்கள். நான் முதலில் லெமன் சாதத்தைத் திறந்து காட்டினேன். கேட்டது அதை இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

அப்புறம் பாம்பு. அறுவடை செய்த பருத்தியைப் பெரிய பெரிய உருளைகளாகக் கட்டி வயலில் அடுக்கி வைப்பார்கள். அக்டோபரில் குளிர் தட்டியதும் வாலில் கிலுகிலுப்பை வைத்த பாம்புகள் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு தடவை நான் குனிந்த இடத்தில் ஒன்று கிலுகிலுத்தது. நான் குதித்த குதி ஆலையில் இன்னும் பேசப்படுகிறது. அடுத்த வாரமே கடைக்குப் போய்விட்டேன். கையடக்கமான துப்பாக்கி, சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது. என் தொப்பைதான் தெரியும்.

இந்த மாநிலத்தில் இடுப்பில் வைத்துக்கொள்ள இப்போது உரிமம்கூடத் தேவையில்லை. ஆனால் நமக்கு ஒரு காகிதமும் கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் நிம்மதி ஏது? விரும்புகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் உரிமம் இருந்தது. நான் விரும்பினேன். ஒரு நாள் வகுப்பு, ஒரு தேர்வு, கைரேகை. அந்தக் கைரேகையில்தான் மாட்டிக்கொண்டேன். முப்பது வருடம் கிரீசும் டீசலும் தேய்த்துக் கழுவிய விரல். இயந்திரத்தில் வைத்தால் வெறும் வெள்ளையாக வருகிறது. முதல் தடவை, "ரேகை தெளிவில்லை, மறுபடி வரவும்." இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை அந்த அலுவலகப் பெண் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஈரத் துணியால் துடைத்து, லோஷன் தடவி, பூவை அழுத்துவது மாதிரி அழுத்தினார். கல்யாணத்துக்கு நலங்கு வைத்தபோதுகூட என் கையை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பிடித்ததில்லை.

உரிமம் வந்தது. பாம்பு அதற்கப்புறம் வரவில்லை. இன்றுவரை நான் அதைக் கொண்டு சுட்டது, வருடத்துக்கு ஒருமுறை பயிற்சிக்கூடத்தில் காகிதத்தை மட்டும்.

3

இப்போது சந்தனத்துக்கு வருகிறேன்.

தேனி ஆலையில் ஆயுத பூஜை என்றால் முந்தின நாளே இயந்திரங்கள் நின்றுவிடும். வருடம் முழுவதும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் திடீரென்று நின்றதும், நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒவ்வொரு மிஷினையும் காற்றடித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, நெற்றியில் பொட்டு வைப்போம். மிஷினுக்கு நெற்றி எது என்று ஒரு சண்டை நடக்கும். ஜன்னல் வழியாக மேகமலைப் பக்கம் மழை இறங்குவது தெரியும். மேலே பஞ்சு மிதக்கும். கீழே சாம்பிராணிப் புகை. அந்த மூட்டத்தில் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும் இயந்திரங்கள், எங்கோ புறப்படத் தயாராக நிற்கிற ஆட்கள் மாதிரி இருக்கும். இரைச்சலுக்குத் திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது.

அந்த மௌனத்துக்காகவே நான் இங்கேயும் ஆயுத பூஜையை விடுவதில்லை. போன அக்டோபரில் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, ஸ்பேனர் செட், கார் சாவி, மடிக்கணினி, மல்லிகாவின் மிக்ஸி எல்லாவற்றையும் வைத்தேன். கடைசியில் தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டுத் துப்பாக்கியையும் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

"அத எதுக்கு நடுவுல கொண்டாந்து வைக்கிறீக?" என்றாள் மல்லிகா.

"பண்டிகையோட பேரே ஆயுத பூஜை. இந்த வீட்டுல இருக்குற ஒரே ஆயுதம் இதுதான்."

"என்னோட அரிவாமணைய மறந்துட்டுப் பேசாதீக."

அரிவாள்மணையும் வந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்துப் பூசினேன். துப்பாக்கியின் பக்கவாட்டில் மூன்று விரலால் பட்டை. விசைக்கு மேலே குங்குமம். பூஜைக்கு முன்னால் அதற்கு எண்ணெய் போட வேண்டுமே என்று பார்த்தால் துப்பாக்கி எண்ணெய் தீர்ந்திருந்தது. சின்னமனூரில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு குறையா? எங்கள் வீட்டில் தையல் மிஷின், கதவுக் கீல், சைக்கிள் செயின், தலைமுடி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துச் சந்து பொந்தெல்லாம் விட்டேன். மறுநாள் வெளியே தெரிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு ஆலைக்குப் போனேன். அன்றுதான் ஜின்னிங் பருவம் தொடங்கியது. அடுத்த நான்கு மாதம், பஞ்சு பறக்கும் காற்றில், எண்ணெய் பூசிய துப்பாக்கி.

என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பிட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4

மகள் போனை வைத்த இரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. நூற்பாலையில் நான் கண்டது, பராமரிக்காத இயந்திரம்தான் கையைக் கடிக்கும். அப்படியென்றால் துப்பாக்கியை முதல் தரமாகப் பராமரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஒரு பட்டியல் போட்டு மகளுக்கு அனுப்பினால் அவளுக்கு நம்பிக்கை வந்துவிடும். இதை மல்லிகாவிடம் சொன்னேன். கேசரிப் பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

தோட்டாவை எடுத்துவிட்டு விசையை இழுத்துப் பார்த்தேன். மணலுக்குள் இழுப்பது மாதிரி நறநறத்தது. கனமாகவும் இருந்தது. எவ்வளவு கனம் என்று பார்க்க என்னிடம் ஒரு கருவி இருந்தது. ஊருக்கு விமானம் ஏறும் முன் பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு. எத்தனையோ தடவை முறுக்கையும் சீயக்காயையும் நிறுத்த தராசு. அதன் கொக்கியை விசையில் மாட்டி மெதுவாக இழுத்தேன். டிக் என்று விழும்போது முள் நாலு கிலோவைத் தொட்டிருந்தது. கையேட்டில் போட்டிருந்தது இரண்டரைக் கிலோ.

அன்று தொடங்கியது என் ஆராய்ச்சி. மாற்று விசை விற்க இங்கே ஓர் உலகமே இருக்கிறது. வளைந்தது, தட்டையானது, கறுப்பு, சிவப்பு, பொன்னிறம். ஒன்று ஒன்றரைக் கிலோவில் விழும் என்றது. இன்னொன்று, சுட்டபின் விரலை மயிரிழை தளர்த்தினாலே அடுத்த சூட்டுக்குத் தயார் என்றது. தாடி வைத்த ஓர் ஆள் காணொளியில் "கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி" என்றார். நான் வாழ்நாளில் கண்ணாடிக் குச்சியை முறித்ததில்லை. இருந்தாலும் ஆசை வந்துவிட்டது. சிவப்பு அலுமினிய விசை ஒன்று, பார்க்கவே மாதுளை முத்து மாதிரி இருந்தது. அதைத் தேர்ந்து வைத்தேன்.

அந்த மூன்று வாரமும் சும்மா இருக்கும்போதெல்லாம் எடையையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டரைக் கிலோ என்றால் என்ன? கம்பத்துத் தோட்டத்தில் ஒரு திராட்சைக் குலையைக் கத்தரிக்கிற கத்தரிக்கோலின் அழுத்தமா? முற்றிய தேங்காயைக் காம்பிலிருந்து திருகுகிற திருகலா? சைக்கிள் பிரேக்கை, உத்தமபாளையம் இறக்கத்தில், எதிரே ஆடு வரும்போது பிடித்த பிடி அதைவிட இருக்குமா? ஆலையிலிருந்து வீட்டுக்கு வரும் சாலை சூடு வைத்த கோடு மாதிரி நேராகப் போகும். இந்தச் சமவெளியில் மலை கிடையாது. ஆனால் மாலையில் மேற்கே மேகம் நீலமாகத் திரண்டு நிற்கும். இடமும் வலமும் மலை இருக்கிற பள்ளத்தாக்கில் வளர்ந்த கண்ணுக்கு அது போதும். ஸ்டீயரிங்கைப் பிடித்த சுட்டுவிரல் தானாக மடங்கி, நிமிர்ந்து, எதையோ எடைபோட்டுக்கொண்டே வரும். சாலையோரம் சிதறிய பஞ்சு காற்றில் எழுந்து கண்ணாடியில் மோதி விலகும். மூடுபனிக்குள் ஓட்டுகிறோம், ஒரு திருப்பம் வரும், தேயிலை வாசனை வரும் என்று காத்திருப்பேன். திருப்பம் மட்டும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கயல்விழி காணொளியில் கூப்பிட்டாள். மல்லிகாவிடம்தான் பேசினாள், நான் ஓரத்தில் தலையை நீட்டினேன். பின்னால் யாழினி தரையில் உட்கார்ந்து, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள். முடியவில்லை. பாட்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு, தெளிக்கும் வாயைத் தன் முகத்துப் பக்கம் வைத்து, இரண்டு கைக் கட்டைவிரலையும் சேர்த்துப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். புஸ்ஸென்று முகமெல்லாம் தண்ணீர். கெக்கெக்கென்று சிரித்தாள். மல்லிகாவும் கயல்விழியும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அறைக்குள் போய், அதே மாதிரி பாட்டில் ஒன்றை எடுத்து, தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

5

இருந்தாலும் நப்பாசை போகவில்லை. லேசான விசை வேண்டாம், நடுத்தரமானதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று மனம் பேரம் பேசியது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு டார்லாவிடம் போனேன்.

டார்லா மாட்டுத்தீவனக் கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். சுற்று வட்டாரத்துத் துப்பாக்கிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். சிரிக்காமல் பேசுவார். அவர் சொன்னதை நம் பேச்சிலேயே தருகிறேன்.

துப்பாக்கியைக் கழற்றியதும் முதலில் மோந்து பார்த்தார்.

"கடற்கரைக்குப் போயிருந்தீங்களா?"

"இல்லையே."

"வெயிலுக்குத் தடவுற கிரீம் வாசனை வருது."

நான் தொண்டையைச் செருமினேன். "தேங்காய் எண்ணெய்."

அவர் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓர் ஊசியால் உள்ளே இருந்ததைச் சுரண்டி வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். குளிரில் உறைந்த எண்ணெய் மெழுகு மாதிரி இருந்தது. அதில் பஞ்சு. அதில் மஞ்சள் நிறமாக ஒரு கட்டி.

"இது என்ன?"

"சந்தனம். ஒரு மரத்தை அரைச்சுச் செய்யறது."

இன்னும் சுரண்டினார். சிவப்பாக வந்தது. கையை எடுத்துவிட்டார்.

"இது ரத்தமா? உண்மையச் சொல்லிருங்க."

அவசரத்தில் என் ஆங்கிலம் ஊருக்குப் போய்விடும். "நாங்கள் வருடம் ஒருமுறை எங்கள் கருவிகளை வணங்குவோம்" என்று சொல்ல நினைத்து, "நாங்கள் வருடம் ஒருமுறை துப்பாக்கியைக் கும்பிடுவோம்" என்று சொல்லிவிட்டேன். டெக்சாஸ்காரிக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. பிறகு மிக்ஸி, ஸ்பேனர், அரிவாள்மணை என்று எல்லாவற்றையும் சொல்லி ஒருவழியாகக் கரையேறினேன்.

"கும்பிட்டீங்க, சரி. கும்பிட்டப்புறம் உள்ள துடைச்சீங்களா?"

"வெளியே துடைச்சேன்."

"என்ன வேலை பார்க்கறீங்கன்னு சொன்னீங்க?"

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

அவர் உள்ளே இருந்த ஊசி போன்ற பாகத்தை எடுத்துக் காட்டினார். அது முன்னால் பாய்ந்து தோட்டாவின் பிட்டத்தில் குத்தினால்தான் வெடிக்கும். அது ஓடுகிற குழாய் வறண்டு சுத்தமாக இருக்க வேண்டும், எண்ணெயே படக்கூடாது. என்னுடையதில் அது மெழுகுக்குள் நீந்திக்கொண்டிருந்தது. "பாம்பு வந்திருந்தா டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கும். அவ்வளவுதான். இதை நீங்க பாம்பு மேல எறிஞ்சிருக்கலாம்" என்றார்.

நான்கு மாதமாக, வெடிக்காத ஓர் இரும்புத் துண்டு கொடுத்த தைரியத்தில் மார்பை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், ஏதோ ஒரு சுமை இறங்கின மாதிரி இருந்தது. அந்த நான்கு மாதம் என் வீட்டில் துப்பாக்கியே இல்லை; அதன் உருவம்தான் இருந்தது. அப்போதும் நான் இப்படியேதான் இருந்தேன்.

"எல்லாத்தையும் கழுவி எடுக்கணும். பின்னால உதைக்கிற ஸ்பிரிங் ஒன்னு மாத்தணும், தோட்டாக் கூட்டோட ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கு. அதுக்கப்புறம் விசை பழைய எடைக்குத் தானா வந்துரும்" என்றார் டார்லா.

நான் போனில் அந்தச் சிவப்பு விசையிலேயே நடுத்தர எடையில் விழுகிறதைக் காட்டினேன். "இதையும் போட்டுட்டா?"

"போட்டியில சுடுறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"விரல் வலிக்குது."

"வலிக்கட்டும். இடுப்புல வச்சிருக்கறது, நினைச்சு இழுத்தாத்தான் விழணும். பதற்றத்துல கை பட்டு விழக்கூடாது. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"வரப்போகுது. பதினாலு மாசம்."

டார்லா என் போனைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். "இந்தப் படத்தை அழிங்க. திங்கட்கிழமை வந்து துப்பாக்கியை வாங்கிக்கோங்க."

6

திங்கட்கிழமை காலை, ஆலைக்குக் கிளம்பும் முன் தேவாரத்துக்குப் போன் போட்டேன். மல்லிகாவின் அண்ணன் ராசு அங்கே இருக்கிறார். எனக்கு மச்சான். மலையடிவாரத்தில் தோட்டம், காட்டுப்பன்றியை விரட்ட உரிமம் பெற்ற ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். துப்பாக்கி விஷயத்தில் ஓர் அனுபவஸ்தனோடு பேசலாமே என்றுதான் கூப்பிட்டேன். அங்கே மாலை நேரம். பின்னால் ஒரே சத்தம்.

"எங்கன இருக்கீக மச்சான்?"

"போலீஸ் ஸ்டேசன்ல, மாப்ள."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எலெக்சன் வருதுல்ல, துப்பாக்கிய ஒப்படைக்கணும்ல. ஏட்டய்யா ரசீது எழுதிக்கிட்டு இருக்காக. எனக்கு முன்னால ஆறு பேரு. டீ வாங்கியாரச் சொல்லிருக்காக."

எலெக்சன் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேசனில் கொண்டுபோய்க் கொடுத்து, முடிவு வந்ததும் வாங்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"அதுவரைக்கும் பன்னி வந்தா?"

"வரும். தகரத்தத் தட்டுவோம். அதுக்கு எது எலெக்சன் எது அறுவடைன்னு தெரியுமாக்கும்? துப்பாக்கி இருந்தாலும் அது மேல சுடக்கூடாது, பாரஸ்ட்காரக பிடிச்சுருவாக. வானத்தப் பாத்துச் சுடணும். இந்தத் துப்பாக்கி தோட்டத்துக்குப் போனதவிட ஸ்டேசனுக்கும் தேனி கலெக்டர் ஆபீசுக்கும் போனதுதான் சாஸ்தி."

"ரெண்டு மூணு மாசம் கையில இல்லாம, ஒரு மாதிரி இருக்காதா மச்சான்?"

பின்னால் யாரோ "ராசு யாருய்யா, ராசு?" என்று கூப்பிட்டார்கள்.

"மொத நாளு வெறுங்கையா வீட்டுக்குப் போறப்ப ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் நல்லா தூக்கம் வரும் மாப்ள. ஒப்படைக்கிறப்ப ரசீத மட்டும் கேட்டு வாங்கிரணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மல்லிகா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் என்ன சொல்றாக?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"எலெக்சனாம்."

"இங்கனயும் எலெக்சன்தான். வேட்பாளர் பதினாலு மாசத்துப் பிள்ள" என்று தோசையைத் திருப்பினாள்.

7

டார்லாவின் பட்டறையில் துப்பாக்கி பளபளவென்று இருந்தது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக, உறுதியாக, வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு விழுகிற மாதிரி விழுந்தது. தராசைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். இரண்டரைக் கிலோ. மூன்று வாரம் நான் தேடியது அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு கணம் கை அதை இடுப்புக்குக் கொண்டுபோனது, பழக்கம்.

பிறகு மேசையில் வைத்தேன்.

"இதை இங்கேயே வச்சுக்குவீங்களா?"

"விற்கறீங்களா?"

"இல்ல. ஒப்படைக்கிறேன்."

எங்கள் ஊர் எலெக்சன் வழக்கத்தை அவருக்குச் சொன்னேன். இந்தத் தடவை ஆங்கிலம் காலை வாரவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல்முறையாக உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பட்டறைக்குள் ஆள் உயர இரும்புப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதில் வைப்பதற்கு ஒரு தாள் எடுத்து எழுதினார். துப்பாக்கியின் எண், என் பெயர், மாற்றிய ஸ்பிரிங்குகள். "எப்ப திரும்ப எடுக்கறீங்க?" என்றார். காப்பகத்தில் இடம் கிடைக்கிற நாள் எனக்கு மனப்பாடம். "மே முப்பத்தொன்று" என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். தீவனக் கடை முத்திரைதான் இருந்தது. மாட்டுத் தலை படம் போட்டது. அதையே குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வெறும் இடுப்போடு காரில் உட்கார்ந்தேன். நாலு கிலோமீட்டர் தூரம் வரை கை அடிக்கடி அங்கே போய்ப் போய்த் திரும்பியது. அப்புறம் போகவில்லை. மேற்கே மேகம் அடுக்கடுக்காக நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்து, காற்று உள்ளே வரட்டும் என்று ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஒலி எழுப்பிவிட்டு முந்திப் போனான். போகட்டும். கீழ்வானம்வரை மண் சிவந்து கிடந்தது. இந்தச் சமவெளியில் நான் முதன்முதலாக இறங்கிய நாளில் என்னிடம் இருந்தது கையில் ஒரு கைப்பெட்டியும் இடுப்பில் கயல்விழியும்தான். அவளுக்கு அப்போது நாலு வயது. அன்று எதைக் கண்டும் பயந்ததாக எனக்கு நினைவில்லை. பயம் எல்லாம் பிறகு, பொருள்கள் சேரச் சேரத்தான் சேர்ந்தது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கயல்விழிக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். சின்னதாக எழுத எனக்கு எப்போது வந்திருக்கிறது? ஆயுத பூஜையில் ஆரம்பித்தேன். தேங்காய் எண்ணெய் எத்தனை டிகிரியில் உறையும் என்பதில் ஒரு பத்தி. பழைய ஸ்பிரிங்கின் நீளம், புதிய ஸ்பிரிங்கின் நீளம். சிவப்பு விசை ஏன் வேண்டாம் என்று முடிவெடுத்தேன் என்பதற்கு ஐந்து காரணங்கள். அதில் தெளிக்கிற பாட்டிலைப் பற்றி எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். அவள் மாமா ஸ்டேசனில் நின்ற கதை. அலமாரியில் இப்போது சட்டைகள் மட்டுமே இருப்பதற்குச் சாட்சியாக ஒரு படம். கடைசியில் மாட்டுத் தலை முத்திரை நன்றாகத் தெரிகிற மாதிரி ரசீதின் படம். "எல்லாம் முறைப்படி முடிந்தது ஆத்தா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா" என்று முடித்தேன்.

அனுப்பிவிட்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருந்த மல்லிகாவிடம், "பாரு, படிச்சதும் அழுதுருவா" என்றேன்.

படித்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. கயல்விழி தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள். உங்களுக்காக நம் எழுத்தில் தருகிறேன்.

"சனிக்கிழம வர்றோம்ப்பா, ரசீதுல அந்தத் திரும்ப எடுக்குற தேதிய மட்டும் கோடு போட்டு அடிச்சிருங்க."